யாழ்ப்பாணத்தில் பழைய கல்வீட்டைத் திருத்தி மரத்தால் விரிவாக்க எண்ணியிருப்போர் கவனத்திற்கு

யாழ்ப்பாண நகருக்குள் எஞ்சியிருக்கும் பழைய கல்வீடுகளைப் பழமை கெடாமல் திருத்தி, அவற்றின் பின்புறத்தில் கண்ணாடியும் மரமுமாக நவீனக் கட்டடம் ஒன்றை இணைத்துத் தருவதாகக் கூறி, அழகிய கணினிப் படங்களோடு வரும் ஒரு கொந்தராத்துக்காரரிடம் எங்கள் வண்ணார்பண்ணை வீட்டை ஒப்படைத்ததில் நேர்ந்தவற்றை இங்கே எழுதுகிறேன். முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் அவருடைய பெயரையோ நிறுவனத்தின் பெயரையோ எழுதவில்லை. வேலை நடந்த முறையை அறிந்திருப்பதே படிப்பவர்களுக்குப் பயன்படும் என்பதும் என் எண்ணம். பெயரை மாற்றிக்கொண்டு இன்னொரு படலையில் போய் நிற்பது அவருக்குக் கடினமான காரியமன்று.

வீடு என் தாயாரின் பாட்டனார் கட்டியது. வீதியைப் பார்த்த திண்ணை, தலைவாசல், நடுவே முற்றம், சுற்றிவர விறாந்தையும் அறைகளுமாக அமைந்த நாற்சார் வீடு. சுவர்கள் ஒன்றரை அடிக்கு மேல் தடிப்பமான சுண்ணக்கற் சுவர்கள். சாந்தும் பூச்சும் சுண்ணாம்பு. கூரையில் சுமை தாங்கும் நீள மரங்களான பனை வளைகள், சரிவில் இறங்கும் பனங்கைமரங்கள், ஓட்டைத் தாங்கும் பனஞ்சிலாகைகள், அவற்றின்மேல் கள்ளிக்கோட்டை ஓடு. 1995 இடப்பெயர்வின்போது பூட்டிவிட்டுப் போன வீடு திரும்பி வந்தபோது பின்பக்க அடுக்களையை மட்டுமே இழந்திருந்தது. பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் பனைகள் கணக்கின்றித் தறிக்கப்பட்ட காலத்தில் முழுக் கூரையும் தப்பியது அதிசயமென்றே எங்கள் குடும்பத்தில் பேசிக்கொள்வோம். அடுக்களை இருந்த வெற்றிடத்தில் இரண்டு மாடி மரக் கட்டடம் ஒன்றை, பழைய முகட்டுக்கு மேலே எழும்பாத உயரத்தில் கட்டுவதென்றும், முன்பக்கத்தை உள்ளது உள்ளபடி திருத்துவதென்றும் கனடாவிலுள்ள என் தம்பியும் நானும் தீர்மானித்தோம்.

மதிப்பீட்டுத் தாளில் இருந்த சொற்களை இப்போது மறுபடி வாசிக்கும்போதுதான் அதன் சாமர்த்தியம் விளங்குகிறது. "பழுதடைந்த கூரை மரங்கள் மாற்றப்படும்" என்று இருந்தது. எவை பழுதடைந்தவை, யார் தீர்மானிப்பது, கழற்றியவை யாருக்குரியவை என்று இல்லை. "இறக்குமதி செய்யப்பட்ட உயர்தரப் பொறியியல் மரம்" என்று இருந்தது. மரத்தின் இனம், வலிமை வகுப்பு, ஈரப்பதன், ஒட்டின் வகை எதுவும் இல்லை. "சுவர்கள் பூசப்படும்" என்று இருந்தது. எதனால் பூசப்படும் என்று இல்லை. தொகையும் தவணைகளும் மட்டும் சதம் வரை தெளிவாக இருந்தன.

முதலில் கூரை. ஓடுகளை இறக்கிய மறுநாளே வளைகளையும் கைமரங்களையும் கழற்றி லொறியில் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். நான் கேட்டதற்குக் கொந்தராத்துக்காரர், "ஐயா, இதெல்லாம் உழுத்துப் போச்சுது. உடனே வெளியில ஏத்தாட்டி உள்ள கறையான் புது மரத்துக்கும் பரவிவிடும்" என்றார். கேட்பதற்கு நியாயம்போல இருக்கும் இந்த வார்த்தை முழுப் பொய். எங்கள் மண்ணில் வீட்டைத் தின்னும் கறையான் பெரும்பாலும் நிலத்தில் புற்றுடன் வாழ்வது. அது மண்ணிலிருந்து சுவர்வழியே மண்குழாய் கட்டிக்கொண்டு ஏறுகிறதேயன்றி, கழற்றிப் போட்ட காய்ந்த மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குத் தாவுவதில்லை. அதைத் தடுக்கும் இடம் அத்திவாரமே.

பின்னர் இந்த விடயத்தைக் கோண்டாவிலில் உள்ள, கூரை வேலையிலேயே வாழ்நாளைக் கழித்த ஒரு முதிய ஓடாவியிடம் (தச்சரிடம்) கூறினேன். லொறிக்குத் தப்பிக் கிணற்றடியில் கிடந்த ஒரு வளையை அவர் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். பிறகு ஊசியால் நீளத்துக்குக் குத்திக்கொண்டே போனார். "தம்பி, இது முற்றின பனை, முழுக்க வைரம். சுவருக்குள்ள இருந்த நுனி ஒரு சாண்தான் உக்கியிருக்கு. அதை வெட்டிப்போட்டுத் துண்டு பொருத்தினால் உங்கட பேரப்பிள்ளையள் காலத்துக்கும் கிடக்கும்" என்றார். அவர் சொன்னது எந்தப் பழைய வீட்டுக்கும் பொருந்தும். வளை உக்குவது பெரும்பாலும் சுவருக்குள் புதைந்த நுனியில்தான், ஏனெனில் ஈரம் தங்குவதும் காற்றுப் படாததும் அங்கேதான். பனையில் வலிமை தண்டின் வெளிப்புறத்துக் கறுத்த வைரத்தில் இருக்கிறது. உள்ளேயுள்ள சோற்றி மென்மையானது, முதலில் அழிவதும் அதுதான். சோற்றியை நீக்கி அரிந்த பழைய வளையில் மேலே படிந்த தூசியையும் புகைக்கறையையும் காட்டி "உழுத்தது" என்று சொல்வது மரம் தெரியாதவரை ஏமாற்றுவதற்கான மிக எளிய வழி.

அந்த மரங்கள் விறகுக்குப் போகவில்லை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பழைய நிலை, கதவு, தூண், வளை ஆகியவற்றுக்கு விடுதி கட்டுவோரிடமும் பழம்பொருள் வாங்குவோரிடமும் நல்ல விலை உண்டு. இன்று முற்றிய பனை வேண்டுமென்றால் தறிப்பதற்கு அனுமதி எடுக்க வேண்டும், மரமும் கிடைக்க வேண்டும், அரிந்து தருபவரும் கிடைக்க வேண்டும். ஆகவே நான் எழுத வந்தவற்றில் மிக முக்கியமானது இதுதான்: கூரையில் கைவைப்பதற்கு முன் ஒவ்வொரு மரத்துக்கும் வர்ணத்தால் இலக்கமிட்டு, நீளமும் தடிப்பமும் குறித்துப் படமெடுத்து, அந்தப் பட்டியலில் கொந்தராத்துக்காரரின் கையொப்பத்தைப் பெறுங்கள். கழற்றிய எதுவும், உடைந்த ஓடு உட்பட, உங்கள் எழுத்துமூல அனுமதியின்றி வளவை விட்டு வெளியேறக் கூடாது என்ற வரியை ஒப்பந்தத்தில் சேர்க்கும்படி கேளுங்கள். நேர்மையானவருக்கு அதில் ஒரு நட்டமும் இல்லை. முகம் சுளிப்பவரிடம் வேலையைக் கொடுக்க வேண்டாம்.

கழற்றியவற்றுக்குப் பதிலாக ஏறியவை பாதி தென்னை, பாதி இனம் தெரியாத ஒரு வெள்ளை மரம். தென்னையிலும் அடித்தண்டின் வெளிப்புறமே கூரைக்கு உதவும். எங்களுக்கு வந்த கைமரங்களில் பலவற்றை நகத்தால் கீறினாலே நார் கிளம்பியது. முன்பக்கத்துக் கதவுகள் இரண்டு "பொலிஷ்" போடுவதற்காகக் கொண்டு செல்லப்பட்டன. ஒன்றுகூடத் திரும்பவில்லை.

சுவர் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இந்தத் தவறு ஏமாற்றுக்காரர்களால் மட்டுமன்றி நல்ல மேசன்மாராலும் தினமும் செய்யப்படுகிறது. சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எறிந்துவிட்டுச் சீமெந்தால் பூசி, அதன்மேல் வெளிச்சுவர் வர்ணத்தை அடித்தார்கள். இந்த வீடுகளின் அத்திவாரத்தில் ஈரத்தடுப்புப் படை கிடையாது. நிலத்து ஈரம் உப்பையும் கரைத்துக்கொண்டு சுவரில் ஏறிச் சுண்ணாம்புப் பூச்சினூடாக ஆவியாகி வெளியேறிக்கொண்டிருக்கும். சீமெந்து அந்த வழியை அடைக்கிறது. அடைபட்ட ஈரத்திலுள்ள உப்பு பூச்சுக்குப் பின்னால் படிந்து, படிகமாக வளர்ந்து, பூச்சைத் தள்ளி வெளியே வீழ்த்துகிறது. எங்கள் தலைவாசற் சுவர் ஒரே மாரிக்குள் இடுப்புயரத்துக்குப் பொருமிவிட்டது. அதைவிடக் கெட்டது, அந்த ஈரம் சுவரில் புதிதாகச் செருகிய மரங்களின் நுனிகளைத் தேடிப் போனது.

இனி மரக் கட்டடம். பலகைகளை அடுக்கி ஒட்டிச் செய்யும் குளூலாம் எனப்படும் வளைகளைப் பயன்படுத்துவதாகத்தான் எங்களுக்குச் சொல்லப்பட்டது. அது நல்ல பொருள்தான், உலகெங்கும் பெரிய மண்டபங்களே அதனால் கட்டப்படுகின்றன. ஆனால் அதன் வலிமை மூன்று விடயங்களில் தங்கியிருக்கிறது: பலகைகள் ஒட்டுவதற்கு முன் ஏறத்தாழ 12 சதவீத ஈரப்பதனுக்கு உலர்த்தப்பட்டிருக்க வேண்டும், ஒட்டு சுமையையும் ஈரத்தையும் வெப்பத்தையும் தாங்கும் வகையாக இருக்க வேண்டும், பலகைகளின் நுனிகளைக் கோத்த விரல்கள்போல வெட்டி நீளவாட்டில் இணைக்கும் விரற்பொருத்துகள் சுமை தாங்கும் அளவுக்கு நீளமாக இருக்க வேண்டும். இஎன் 14080 என்ற ஐரோப்பிய நியமத்தின்படி செய்யப்பட்ட வளையில் அல்லது அதனுடன் வரும் ஆவணத்தில் தயாரிப்பாளர், மர இனம், வலிமை வகுப்பு, ஒட்டின் வகை ஆகியவை குறிக்கப்பட்டிருக்கும். எங்களுக்கு வந்தவற்றில் எந்தக் குறியும் இல்லை. கேட்டபோது, வர்ணம் பூசியதில் மறைந்துவிட்டதாக மறுமொழி வந்தது.

அவை தளபாடத்துக்குப் பயன்படும் இறப்பர் மரப் பலகைகளை உள்ளூர்ப் பட்டறையில் வெள்ளைத் தச்சுப் பசையால் ஒட்டிக் கபில வர்ணம் பூசியவை. இதை அறிவதற்குப் பெரிய ஆய்வு வேண்டியதில்லை. மிஞ்சிய துண்டொன்றை அறுத்தபோது உள்ளே வெளிறிய இறப்பர் மரம் தெரிந்தது. அதைக் கொதிநீரில் போட்டபோது பலகைகள் தனித்தனியாகக் கழன்று வந்தன. சுமை தாங்கும் வளைக்குரிய ஒட்டு அப்படிக் கழலாது. இன்னொரு துண்டை ஆய்வுகூடம் ஒன்றில் பணிபுரியும் மருமகன் நிறுத்து, 103 பாகை செல்சியஸ் வெப்பத்தில் எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்தி மறுபடி நிறுத்தார். இழந்த நீரின் எடையை உலர்ந்த மரத்தின் எடையால் வகுத்தால் ஈரப்பதன் சதவீதம் கிடைக்கும். 24 வந்தது. மரம் 30 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே வந்த பிறகுதான் சுருங்கத் தொடங்கும் என்பதால், 24 இல் கட்டப்பட்ட மரம் தன் சுருக்கத்தின் பெரும்பகுதியை வீட்டுக்குள் ஏறிய பின்னரே காட்டும். அதுவும் ஆண்டு வளையங்களின் திசையில், குறுக்குத் திசையைவிட ஏறத்தாழ இரு மடங்காகச் சுருங்குவதால், முறுகலும் வெடிப்பும் தப்பாது.

வெள்ளைப் பசை வெப்பத்தில் இளகுவது; தொடர்ந்து சுமை இருந்தால் மெல்ல மெல்ல வழுகுவது. சித்திரை, வைகாசி மாதங்களில் யாழ்ப்பாணத்துக் கூரையடியில் இருக்கும் வெக்கையை நான் சொல்ல வேண்டியதில்லை. பதினாறு அடி நீள மாடி வளைகள் நடுவில் 30 மில்லிமீற்றருக்கு மேல் தொய்ந்தன. வளையின் நீளத்தில் முந்நூற்றில் ஒரு பங்குக்கு மேல் தொய்யக் கூடாதென்பது பொறியியலாளர்கள் பொதுவாகக் கொள்ளும் எல்லை. பதினாறு அடிக்கு அது ஏறத்தாழ 16 மில்லிமீற்றர். கண்ணாடிக் கதவுகள் இறுகித் திறக்க மறுத்தபோதுதான் நூல் பிடித்து அளந்தோம். இதற்கிடையில் மாடித் தளத்தில் மாவாக உதிரும் தூளும் குண்டூசித் துளைகளும் தோன்றியிருந்தன. இறப்பர் மரத்தை போரன் உப்புக் கரைசலில் பதப்படுத்தாவிட்டால் துளைவண்டு விடாது. பதப்படுத்தியதற்கான சான்றுக் கடிதம் தருவதாகக் கொந்தராத்துக்காரர் சொல்லிக்கொண்டேயிருந்தார்.

பழையதும் புதியதும் சந்திக்கும் இடமே இத்தகைய வேலையின் உண்மையான பரீட்சை. நூறு ஆண்டுக்கு மேல் இருந்து அமர்ந்துவிட்ட கற்சுவரும், புதிய அத்திவாரத்தில் இனித்தான் அமரப்போகும் மரச்சட்டமும் ஒன்றோடொன்று இறுகப் பூட்டப்படக் கூடாது. இடையில் அசைவுக்கு இடைவெளி வேண்டும். எங்கள் வீட்டில் மரத்தூண்களைக் கொங்கிறீற்றுக்குள் நேரடியாகப் புதைத்து, வளைகளைப் பழைய சுவரில் துவாரமிட்டுச் செருகியிருந்தார்கள். தூணைத் தரையிலிருந்து உயர்த்திப் பிடிக்கும் இரும்புப் பாதம் படத்தில் இருந்தது, வீட்டில் இல்லை. இரு கூரைகளுக்கும் நடுவே, மேலதிக நீர் வழிவதற்கு வழியில்லாத ஒடுங்கிய பீலி ஒன்று வைக்கப்பட்டது. எங்கள் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசியிலிருந்து மார்கழி வரை கொட்டித் தீர்ப்பதை அறிந்த எவரும் அப்படி வைத்திருக்கமாட்டார். முதற் பெருமழையிலேயே நீர் பீலியைத் தாண்டி உள்ளே இறங்கி, சுவாமி அறைச் சுவரை நனைத்தது. கடற்காற்றுப் படும் ஊரில் நாகம் (துத்தநாகம்) பூசாத சாதாரண இரும்பு போல்டுகளைப் போட்டிருந்ததால் துருக்கறையும் சேர்ந்து வழிந்தது.

கொந்தராத்துக்காரருடைய அறிமுக அட்டையில் "கட்டடக்கலைஞர்" என்று அச்சிடப்பட்டிருந்தது. கட்டடக்கலைஞர்களுக்குப் பதிவுச் சபை இருக்கிறது. கொந்தராத்துக்காரர்களை 2014 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபை தரம் பிரித்துப் பதிவு செய்கிறது. இரண்டு இடத்திலும் அவர் பெயர் இல்லை. மாநகர சபையில் அனுமதிக்காகக் கொடுக்கப்பட்ட படத்துக்கும் கட்டப்பட்டதற்கும் பொருத்தமில்லை என்பதும் பின்னரே தெரியவந்தது. அந்தப் பொறுப்பு சட்டப்படி வீட்டுக்காரர்மீதே விழுகிறது என்பதைப் புலம்பெயர்ந்து இருந்தபடி பணம் அனுப்புவோர் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். படத்தில் கையொப்பமிட்டவர் வேலை நடக்கும்போது வந்து பார்க்கிறாரா என்பதைத் தொலைபேசியில் அவரிடமே நேரடியாகக் கேளுங்கள். கொந்தராத்துக்காரர் வாயிலாகக் கேட்க வேண்டாம்.

கடைசித் தவணையை நாங்கள் கொடுக்கவில்லை. அதற்காக அவர் எங்கள்மீது மத்தியஸ்த சபையில் முறையிட்டிருக்கிறார். நாங்களும் துண்டு மரங்கள், படங்கள், அளவுகளுடன் பதில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். பட்டய மதிப்பீட்டாளர் ஒருவரைக் கொண்டு பழுதுகளை எழுத்தில் எடுத்த பின்னரே எதையும் கழற்றத் தொடங்கினோம், ஏனெனில் கழற்றிய பிறகு சொல்வதற்குச் சாட்சி இருக்காது. மாடி இப்போது இரும்புத் தூண்களால் முண்டு கொடுக்கப்பட்டிருக்கிறது. கூரையின் ஒரு பகுதியை மேற்சொன்ன ஓடாவி எடுத்துச் செய்கிறார். உரும்பிராயில் இடிக்கப்பட்ட ஒரு வீட்டிலிருந்து சில பனை வளைகளை வாங்கித் தந்ததும் அவரே. சுவர்களில் சீமெந்தைக் கொத்திச் சுண்ணாம்பு பூசுவதற்கு நீற்றிய சுண்ணாம்பு தேடிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்று. எங்களிடமிருந்து போன வளைகளின் நுனியில், கட்டிய காலத்து ஓடாவி பொருத்தும் ஒழுங்குக்காக உளியால் வெட்டிய கோடுகள் இருக்கும்: ஒன்று முதல் பதினொன்று வரை நேர்க்கோடுகள், ஐந்துக்கு மேல் குறுக்கே ஒரு வெட்டு. கதவுகள் இரண்டும் முதிரை மரம். மேற்சட்டத்தில் தாமரை மொட்டும் இரு பக்கமும் கிளிகளும் செதுக்கப்பட்டவை. வலப்பக்கக் கிளியின் அலகு முறிந்திருக்கும். பழம்பொருள் வாங்குகின்ற இடத்திலோ கட்டப்படுகின்ற விடுதியிலோ இவற்றைக் காண்பவர்கள் ஒரு படம் எடுத்து அனுப்பினால் அதை மத்தியஸ்த சபையில் சமர்ப்பிக்க முடியும்.