மலையடிவார முகாமா, ஊர்க்குளத்துப் பயிற்சியா? எங்கள் காலனிப் பிள்ளைகளுக்கு எதை எடுத்தோம்

திருநெல்வேலி மாவட்டத்தில், சேரன்மகாதேவி பக்கத்தில் பட்டியல் சமூகத்தார் வாழும் ஒரு காலனியில் மாலை வகுப்பு நடத்துகிறோம். பிளஸ் டூ முடித்தவர்கள், காலேஜ் போகிறவர்கள், படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் என்று கலந்துதான் வருவார்கள், பாதிக்கு மேல் பெண்பிள்ளைகள். இவர்களைச் சுற்றுச்சூழல் சார்ந்த தலைமைப் பயிற்சி ஒன்றில் சேர்க்க வேண்டும் என்று போன வருடம் உட்கார்ந்து பேசினோம். கைக்கு எட்டுகிற மாதிரி இரண்டு வழி இருந்தது. ஒன்று, வெளியூர் தொண்டு நிறுவனம் மலையடிவாரத்தில் நடத்தும் தங்கல் முகாம். இன்னொன்று, உள்ளூர்க்காரர்கள் சிலர் சேர்ந்து வருடம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்குள்ளேயே நடத்தும் பயிற்சி, அதில் நம் குளமும் வாய்க்காலும்தான் பாடம். இரண்டாவதை எடுத்தோம். பக்கத்து ஊர்களில் இதே மாதிரி வகுப்பு நடத்துகிறவர்கள் ஏன் என்று கேட்கிறார்கள், அதற்காகத்தான் இது.

முகாமைக் குறை சொல்ல வரவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு மேற்கே பார்த்தால் எந்நேரமும் பொதிகை தெரியும். ஆனால் ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையனார் கோவிலுக்குப் போனதைத் தவிர காட்டுக்குள் கால் வைத்தவர்கள் குறைவு. களக்காடு முண்டந்துறை 1988லேயே புலிகள் காப்பகம் ஆகிவிட்டது, அந்த மலையில் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்வதால்தான் தாமிரபரணி ஓடுகிறது, நம் வயலில் காரும் பிசானமும் என்று இரண்டு போகம் நெல் விளைகிறது என்பதை ஓடைக்கரையில் நிறுத்திச் சொல்லிக்கொடுத்தால் எந்தப் பிள்ளைக்கும் மறக்காது. மற்ற மாவட்டத்துப் பிள்ளைகளோடு பழகலாம், கூச்சம் போகும், சான்றிதழும் கிடைக்கும்.

செலவு விஷயம் சீக்கிரம் சொல்லிவிடலாம். முகாமுக்குக் கட்டணம் இல்லை என்பார்கள், ஆனால் அந்த நாள்களின் கூலியை யாரும் தருவதில்லை. எங்கள் பெண்பிள்ளைகள் பலர் வீட்டில் பீடி சுற்றுகிறவர்கள். ஒரு அம்மா நேரடியாகவே கேட்டார்: "தம்பி, மூணு நாளு இவ போயிட்டா எலையும் தூளும் அப்படியே கெடக்குமே, கணக்கு யாரு குடுப்பா?" ஊர்ப் பயிற்சியில் மாதம் ஒரு சிறு உதவித்தொகை இருந்தது, ஞாயிறு சாயங்காலம் பிள்ளை வீட்டில் இருப்பாள். ராத்தங்கல் இல்லை என்றதும் பாதி வீடுகள் சம்மதித்துவிட்டன.

ஆனால் நாங்கள் முடிவெடுத்தது காசை வைத்து இல்லை. பயிற்சி முடிந்த பிறகு இந்தப் பிள்ளைக்கு ஊரில் எங்கே பேச இடம் இருக்கும் என்ற ஒரே கேள்விதான் எங்களுக்குப் பெரிதாக இருந்தது.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் பல ஊர்களில் மடை திறக்கிற, வாய்க்கால் வெட்டுகிற, நீர் பாய்ச்சுகிற வேலையைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தது பட்டியல் சமூகத்து ஆட்கள்தான். குளத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் கசியும், கலுங்கு (குளம் நிறைந்தால் உபரித் தண்ணீர் வெளியேறும் இடம்) எப்போது பாயும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. ஆனால் அதே குளத்தைப் பற்றி முடிவு எடுக்கும் இடத்தில் அவர்கள் இல்லை. 2000ஆம் ஆண்டில் வந்த பாசன மேலாண்மைச் சட்டப்படி அமையும் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்தில், ஆயக்கட்டில், அதாவது குளத்துத் தண்ணீர் பாயும் வயல்பரப்பில், நிலம் இருப்பவருக்குத்தான் ஓட்டு. நிலம் இல்லாத காலனிக்கு அங்கே வேலை உண்டு, வாய் கிடையாது. மீன்பாசி (குளத்தில் மீன் பிடிக்கும் உரிமை) ஏலம், கரம்பை மண் (குளத்து வண்டல்) அள்ளுவது, கரையிலுள்ள உடைமரத்தை வெட்டுவது எல்லாமே நம் காதுக்கு முடிந்த பிறகுதான் வரும்.

முகாமில் தலைமைப் பண்பு என்றால் குழு விளையாட்டு, மேடைப் பேச்சு, உன் கனவு என்ன என்று சார்ட்டில் எழுதுவது. நல்லதுதான். ஆனால் அந்தப் பிள்ளை ஊருக்குத் திரும்பி, குளம் முழுக்க ஆகாயத்தாமரை கிடப்பதைப் பார்த்துவிட்டு யாரிடம் போய்ச் சொல்லும்? ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் குளம் நீர்வளத் துறையுடையது, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்துடையது. இதுகூடத் தெரியாமல் மனு எழுதினால் மேசைக்கு மேசை அலைய வேண்டியதுதான்.

ஊர்ப் பயிற்சியின் இரண்டாவது பாதி முழுக்க இந்த வழியைத்தான் சொல்லிக்கொடுத்தது. நிலம் இல்லாதவருக்கும் சட்டப்படி இடம் இருக்கிற இரண்டைக் காட்டினார்கள். ஒன்று கிராமசபை, வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். இன்னொன்று, ஊரின் உயிர்வளத்தைக் காப்பதற்கான ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழு. அதன் 2004 விதிகளில், தலைவர் போக ஆறு உறுப்பினர், மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள், 18 சதவீதத்துக்குக் குறையாமல் பட்டியல் சாதி, பழங்குடியினர் என்று இருந்தது (2024இல் அந்த விதிகளுக்குப் பதில் புது விதிகள் வந்துவிட்டன). எங்கள் பையன் ஒருவன் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்துவிட்டு, ஆறில் ஒருவர் என்றால் 16.7தான் வருகிறது, ஆகவே இரண்டு பேர் இருந்தாக வேண்டும் என்றான். அன்றைக்கே எங்கள் ஊராட்சிக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு மனு எழுதினார்கள். குழு காகிதத்தில் இருந்தது, உறுப்பினர்களில் சிலருக்கே தாங்கள் உறுப்பினர் என்பது தெரியவில்லை.

அப்புறம் மார்ச் 22, உலகத் தண்ணீர் தினக் கிராமசபை. அதற்கு முன்பே பிள்ளைகள் மடைக்கல்லில் சிவப்புப் பெயிண்டால் அளவு குறித்து, ஞாயிறுதோறும் நீர்மட்டத்தை நோட்டில் எழுதி வந்தார்கள். மடை ஷட்டர் துருப்பிடித்து முழுசாக மூடாததால், வயலுக்குத் தண்ணீர் வேண்டாத நாளிலும் ஒழுகிக்கொண்டே இருந்தது. காலேஜ் இரண்டாம் வருடம் படிக்கும் பிள்ளை எழுந்து அதை வாசித்தாள். நிலமில்லாதவர்களுக்கு மடையைப் பற்றி என்ன பேச்சு என்று ஒரு பெரியவர் கேட்டார். அவள் பதில் சொல்லவில்லை, நோட்டைப் பிரித்துத் தேதியும் அளவும் வரிசையாக வாசித்துக்கொண்டே போனாள். கடைசியில் ஆயக்கட்டுக்காரர் ஒருவரே, "அந்தப் பிள்ளை சொல்றது சரிதான், எழுதுங்க" என்றார். தீர்மானப் புத்தகத்தில் ஏறியது. ஷட்டர் இன்னும் மாற்றவில்லை, ஆனால் தீர்மான நகல் எங்கள் கையில் இருக்கிறது, அதை வைத்துத் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஊர்ப் பயிற்சியில் ஆபத்தும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. குளத்தைப் பற்றிப் பேசினால் அது சாதியைப் பற்றிய பேச்சாகிவிடும். 2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் தங்கையையும் வீடு புகுந்து வெட்டிய மாவட்டம் இது. அதனால் மனுவில் தனிப் பிள்ளையின் பெயர் முதலில் வரக் கூடாது, கிராமசபைக்குப் பெரியவர்கள் கூடவே வர வேண்டும் என்று முதல் நாளிலேயே பேசிவைத்தோம். நடத்துகிறவர்கள் இதற்குத் தயார் இல்லை என்றால் முகாமே பத்திரம், அங்கேயே அனுப்புங்கள். முகாம் நடத்துகிறவர்களும் திரும்பி வந்த பிள்ளைகளோடு வருடம் முழுக்க ஊரில் நின்றால் நான் இவ்வளவு சாய்ந்து எழுத மாட்டேன்.

அரசு வழிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குத் தேசியப் பசுமைப்படை, காலேஜில் நாட்டு நலப்பணித் திட்டம், இரண்டுமே பொறுப்பாசிரியரைப் பொறுத்தது. முதலமைச்சரின் பசுமைப் புத்தாய்வுத் திட்டம் பட்டதாரிகளுக்கானது, போட்டி கடுமை. நம் பிள்ளைகளுக்கு அது அடுத்த படி.

மலைப் பழங்குடியினரான காணிக்காரர் குடியிருப்புகளிலும் உவரி, கூடுதாழை மாதிரிக் கடற்கரை ஊர்களிலும் நான் பிள்ளைகளோடு வேலை செய்ததில்லை. சின்ன மயிலாறு, இஞ்சிக்குழி பக்கத்துப் பிள்ளைகளுக்கு 2006 வன உரிமைச் சட்டத்தின் குழு இருக்கிறது, அதில் மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர் இருக்க வேண்டும், ஆகவே அவர்களுக்கு வழி வேறு. அவர்களைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஊர்ப் பயிற்சியை எடுப்பதாக இருந்தால் புரட்டாசியில் ஆரம்பியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் குளம் நிரம்புவதைக் கண்ணால் பார்த்து அளவு எடுக்கலாம். ஜனவரியில், மணிமுத்தாறிலுள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் 2011 முதல் நடத்திவரும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் பிள்ளைகள் சேர்ந்துகொள்ளலாம். நத்தைகுத்தி நாரையையும் அரிவாள்மூக்கனையும் பிரித்துச் சொல்ல அங்கே ஒரு காலையிலேயே பழகிவிடுவார்கள். மார்ச் 22க்குள் நோட்டில் எழுதி வாசிக்கிற அளவுக்கு விஷயம் சேர்ந்திருக்கும். சித்திரையில் ஆரம்பித்தால் பிள்ளைகள் வறண்ட குளத்தைத்தான் பல மாதம் பார்த்துக்கொண்டிருப்பார்கள், பாதிப் பேர் நின்றுவிடுவார்கள்.