முன்கண்ணாடி மாற்றியபின் கேமரா காலிபரேஷன்: பலகை முன்னாலா, சாலையிலா?

காரின் முன்கண்ணாடியை மாற்றும்போது, அதன் மேல்நடுவில் உட்புறமாக அமர்ந்திருக்கும் ஓட்டுநர் உதவிக் கேமராவும் கழற்றி மாட்டப்படுகிறது. தடக் கோடுகளைக் கவனிப்பது, முன்னால் நிற்கும் வண்டியைக் கண்டு தானாகப் பிரேக் பிடிப்பது, வேகப் பலகையைப் படிப்பது ஆகியவை இந்தக் கேமராவின் பார்வையை நம்பியே நடக்கின்றன. அந்தப் பார்வை பக்கவாட்டில் 1 டிகிரி விலகினால் 100 மீட்டர் தொலைவில் பிசகு ஏறத்தாழ 1.75 மீட்டராகிவிடும், 3.5 மீட்டர் அகலமுள்ள தடத்தில் அது சரிபாதி. பக்கத்துத் தடத்தில் செல்லும் லாரியைத் தன் தடத்தில் செல்வதாகக் கேமரா கருத இவ்வளவு போதும். ஆகவே கேமராவின் பார்வைக் கோணத்தைச் சரிபார்த்துத் திருத்தும் காலிபரேஷன் தேவையா என்ற கேள்விக்கு இடமில்லை. எந்த முறையில், யாரிடம், எந்தக் கண்ணாடியோடு என்பவையே அலச வேண்டியவை.

காலிபரேஷனுக்கு நிலைமுறை, ஓட்டுமுறை என இரண்டு வழிகள் உண்டு. நிலைமுறையில் வண்டி நகர்வதில்லை. சமதளத் தரையில் அதை நிறுத்தி, கட்டங்களோ வட்டங்களோ அச்சிட்ட குறிப்பலகையை, தயாரிப்பாளர் சொன்ன தூரத்திலும் உயரத்திலும், வண்டியின் நேர்கோட்டுக்குச் செங்குத்தாக நிறுத்துகிறார்கள். இந்த நேர்கோட்டைக் கண்டுபிடிப்பதில்தான் வேலையின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. முன்புறச் சின்னத்தின் நடுவிலிருந்தும் பின்புற நடுவிலிருந்தும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் புள்ளி வைத்து நூல் பிடிப்பவர்களும் உண்டு. லேசர் கருவியைச் சக்கரங்களில் மாட்டி அளப்பவர்களும் உண்டு. அதற்கு முன்பே டயர்களின் காற்றழுத்தத்தைச் சரிசெய்து, டிக்கியிலுள்ள சுமையை இறக்கி, ஸ்டியரிங்கை நேராக வைத்து, பாட்டரி மின்னழுத்தம் இறங்காதபடி சார்ஜரை இணைத்திருக்க வேண்டும். பலகைக்குப் பின்னால் பளபளக்கும் சுவரோ, ஜன்னல் வழியே விழும் வெயிலோ இருந்தால் கேமரா குழம்பும். அளவெடுப்புக்கு ஆகும் நேரத்தோடு ஒப்பிட்டால், வண்டியின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனர் கருவியில் பொத்தானை அழுத்தியபின் நடப்பது சொற்ப நேர வேலை.

ஓட்டுமுறையில் பலகைக்கு வேலையில்லை. ஸ்கேனரை இணைத்து, தயாரிப்பாளர் குறித்த வேக வரம்புக்குள், கோடுகள் தெளிவாக உள்ள சாலையில் ஓட்டினால், கேமரா தடக் கோடுகளையும் மற்ற வண்டிகளையும் பார்த்துத் தன் கோணத்தைத் தானே கணித்துக்கொள்கிறது. இடவசதியும் பலகையைத் தாங்கும் விலையுயர்ந்த சட்டகங்களும் தேவையில்லை என்பது இதன் பெரிய பலம். பலவீனம், எப்போது முடியும் என்று சொல்ல முடியாமைதான்: மழை, தேய்ந்த கோடு, எதிர்வெயில், நெரிசல் என எது குறுக்கிட்டாலும் பணி பாதியில் நின்றுவிடும். டெஸ்லா வண்டிகள் ஸ்கேனர்கூட இல்லாமல் ஓட்டத்திலேயே இதை முடித்துக்கொள்கின்றன. வழக்கமாக 32 முதல் 40 கிலோமீட்டர் வரை ஆகும் என்று அவற்றின் கையேடு கூறுகிறது.

இரண்டில் எது துல்லியமானது என்ற விவாதம் பணிமனைகளில் அடிக்கடி நடப்பது. என் பார்வையில் அது வீண் விவாதம். குறிப்பிட்ட மாடலுக்கு எந்த முறை என்பதைத் தயாரிப்பாளரின் பழுதுநீக்கக் கையேடு முடிவு செய்கிறது, சில வண்டிகளுக்கு இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கிறது. பலகை கேட்கும் வண்டிக்கு, "ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தால் சரியாகிவிடும், எச்சரிக்கை விளக்கும் எரியவில்லையே" என்று சொல்பவரிடம் வண்டியை ஒப்படைக்கக் கூடாது. கேமரா தான் கோணம் மாறியிருப்பதை எல்லா வண்டிகளிலும் உணர்ந்து விளக்கை எரியவிடும் என்று எதிர்பார்க்க முடியாது.

யாரிடம் செய்வது என்பதில்தான் உரிமையாளருக்கு உண்மையான தேர்வு இருக்கிறது. விற்பனை நிலையத்தின் பணிமனையில் அந்த நிறுவனத்துக்குரிய ஸ்கேனரும் புதுப்பிக்கப்பட்ட கையேடும் இருக்கும். ஆனால் இந்த வேலையை வெளியாரிடம் கொடுத்துச் செய்யும் நிலையங்களும் உண்டு என்பதால், அங்கேயே நடக்கிறதா என்று கேட்பது நல்லது. கண்ணாடிக் கடையில் இரண்டு வேலையும் ஒரே கூரையின்கீழ் முடிந்தால், பிசகு ஏற்பட்டால் கண்ணாடிக்காரரும் காலிபரேஷன்காரரும் ஒருவரையொருவர் கைகாட்டும் தொல்லை இல்லை. வீட்டு வாசலுக்கே வரும் சேவை ஓட்டுமுறை வண்டிகளுக்குப் பொருந்தும். சரிவான தெருவில் பலகையை நிறுத்துவதாகச் சொன்னால் மறுத்துவிடலாம்.

கண்ணாடியின் தேர்வை முறைக்கு இணையாகவே எடைபோட வேண்டும். கேமராவைத் தாங்கும் பிடி கண்ணாடியோடு ஒட்டியே வருவதால், அது ஒரு மயிரிழை சாய்ந்திருந்தாலும் காலிபரேஷன் திருத்தக்கூடிய எல்லையைத் தாண்டிவிடலாம். கேமரா பார்க்கும் பகுதியில் கண்ணாடி லேசாக வளைத்துக் காட்டினால் ஸ்கேனர் "முடிந்தது" என்று சொல்லியும் தூரக் கணிப்பு பிசகக்கூடும். சுபாருவின் ஐசைட் போல இரட்டைக் கேமராவை வைத்துத் தூரம் கணிக்கும் அமைப்புகளில் இந்த ஆபத்து கூடுதல். விலை குறைந்த மாற்றுக் கண்ணாடி எல்லாமே மோசமல்ல. ஆயினும் பிடியும் கேமராப் பகுதியும் அந்த மாடலுக்கே உரியவை என்று எழுத்தில் உறுதி தராத கண்ணாடியைத் தவிர்ப்பதே என் தேர்வு.

வேலையின் வரிசையும் முக்கியம். பசை போதிய அளவு இறுகிய பின்னரே வண்டியை நகர்த்த வேண்டும்; வீல் அலைன்மென்ட் நிலுவையில் இருந்தால் அதைக் காலிபரேஷனுக்கு முன்பே முடித்துவிட வேண்டும், ஏனெனில் பின்சக்கரங்களின் கோணம் மாறினால் வண்டியின் நேர்கோடும் மாறும். கிளம்புமுன், வண்டியின் அடையாள எண்ணும், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த ஸ்கேனில் வந்த பிழைக் குறியீடுகளும், எந்த முறை கையாளப்பட்டது என்பதும் குறித்த அச்சு அறிக்கையைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.