கலங்கலைத் தீர்க்க வாங்கிய ஸ்கிம்மரே கலங்கலைக் காட்டினால்

இலங்கையில், திருகோணமலைப் பக்கத்து நிலாவெளியில் புதிதாகக் கடல்நீர் மீன்தொட்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவர், நீர் பால்போல் வெளுத்துக் கிடக்கிறதென்றும், நீரின் கழிவை நுரையாக்கி அகற்றும் கருவியான புரோட்டீன் ஸ்கிம்மரில், தொட்டியின் விளிம்பில் தொங்கவிடும் வகையின் விலை இப்போது இறங்கியிருப்பதால் ஒன்றை வாங்கிவிடலாமா என்றும் கேட்டிருந்தார். அதே வகைதான் எங்கள் வீட்டிலும் பல வருடங்களாக இரவு பகலாக ஓடுகிறது. சென்ற வாரம்தான் அதன் இம்பெல்லரை, அதாவது பம்புக்குள் சுழலும் பகுதியை, மாற்றி முடித்தேன். தயாரிப்பாளரின் பெயரை எழுதப்போவதில்லை. நான் சொல்லவரும் குறை ஒரு பெயருக்கு உரியதன்று, இந்த அமைப்புக்கே உரியது.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். மீனின் கழிவும் தின்னாமல் விட்ட தீனும் நீரில் கரைந்து நிற்கும்போது, அவை மீனுக்கு நஞ்சான அமோனியாவாக உடைவதற்கு முன்பே நுண்குமிழிகளில் ஒட்டவைத்து, நுரையாக மேலேற்றி, தொட்டிக்கு வெளியே ஒரு கோப்பையில் சேர்த்துவிடுவதுதான் இதன் வேலை. பற்றீரியா பெருகுவதால் வரும் வெண்கலங்கலுக்கு உணவே இந்தக் கரைந்த சேதனப் பொருள்தான் என்பதால், ஸ்கிம்மர் ஒழுங்காக ஓடும் தொட்டியில் அவ்வகைக் கலங்கல் அரிதாகவே வரும். கோப்பையைக் கழற்றும்போது அதன் கழுத்தில் களிம்பாகப் படிந்திருக்கும் அழுக்கும், உள்ளே தேங்கிய கரும்பழுப்புச் சாறும், வீட்டார் யன்னலைத் திறக்கச் சொல்லும் அந்த நாற்றமும், இவையெல்லாம் இல்லாவிட்டால் மீன்கள் மூச்சுவிடும் நீரிலேயே நின்றிருக்கும் என்பதை வேறெந்த விளக்கமும் இன்றிப் புரியவைத்துவிடும்.

எதிர்பாராமல் கிடைத்த நன்மை இன்னொன்று உண்டு. பெருகிய பற்றீரியா நீரிலுள்ள ஒட்சிசனை உறிஞ்சிக்கொள்ளும். வெண்கலங்கலின்போது மீன் சாவது பெரும்பாலும் இதனால்தான். திருகோணமலையில் சித்திரை வெயிலுக்குத் தொட்டி நீர் 30 பாகையைத் தாண்டுவது சாதாரணம், சூடான உப்புநீரிலோ ஒட்சிசன் ஏற்கனவே குறைவு. அந்த நிலையில் ஓயாமல் காற்றைக் கலந்துகொண்டிருக்கும் ஸ்கிம்மர், கலங்கலை உடனே தீர்க்காவிட்டாலும் மீன்களைத் தாங்கிப் பிடிக்கிறது. எங்கள் கோமாளி மீன்கள் ஒரு கோடையைக் கடந்தது இதனால்தான் என்று நம்புகிறேன்.

இனிக் குறைக்கு வருகிறேன். வெளியேறும் நீரோடு ஊசிமுனைக் குமிழிகள் ஆயிரக்கணக்கில் தொட்டிக்குள் வந்துவிடுகின்றன. விளக்கைப் போட்டவுடன் முழுத்தொட்டியும் மங்கலாகத் தெரியும். தெளிவுக்காகக் காசு கொடுத்து வாங்கிய பொருளே தெளிவைக் கெடுத்து நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு வரும் எரிச்சலை இத்தனை வருடப் பழக்கமும் குறைக்கவில்லை. புதிய கருவியின் உட்சுவரில் உயிர்ப்படலம், அதாவது நுண்ணுயிர்களின் வழுவழுப்பான படலம், படிந்ததும் குமிழி அடங்கும் என்கிறது கையேடு, அடங்கியதும் உண்மைதான். ஆனால் காற்றுத் துவாரத்தில் கல்சியம் படிந்து அடைத்துக்கொள்வதால், கருவியைக் கழற்றி வினாகிரி கலந்த நீரில் ஊறவைத்துக் கழுவாமல் இருக்க முடியாது. கழுவினால் படலமும் போய்விடும், குமிழி மறுபடி தொடங்கிவிடும். குமிழியைத் தடுக்கவென்று வெளிவாயிலில் ஒரு பஞ்சுத் துண்டைச் செருகியிருக்கிறார்கள், அதுவோ சில நாட்களில் அழுக்கேறி, கழிவு சிதைந்து உண்டாகும் நைத்திரேற்றுக்கு விளைநிலமாகிவிடுகிறது. அந்த வெளிவாயிற் பெட்டியைச் சற்று ஆழமாக வடிவமைத்திருந்தால் குமிழிகள் மேலெழுந்து உடைவதற்கு நேரம் கிடைத்திருக்கும். பிளாஸ்ரிக்கில் சிக்கனம் பிடித்தவர் எவரோ, அவர் வீட்டில் மீன்தொட்டி இருந்திராது.

இதனால் வரும் உண்மையான தொல்லை, எது கலங்கல், எது குமிழி என்று பார்த்தவுடன் தெரியாமற்போவதுதான். நண்பருக்கு நான் சொன்ன வழி இது: தெளிந்த கண்ணாடிக் குவளை ஒன்றில் தொட்டி நீரை எடுத்து அசையாமல் வையுங்கள். ஓரிரு நிமிடத்தில் அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்தால் அது வெறும் குமிழி. சில மணி நேரத்தில் அடியில் வண்டல் தங்கினால் மணற்தூசியாக இருக்கலாம், அல்லது கல்சியமும் காரமும் ஏற்றும் மருந்துகளை அளவுக்கு மீறி ஊற்றியதால் உறைந்த சுண்ணமாக இருக்கலாம். அந்த வண்டலில் வினாகிரி விட்டும் பொங்கிக் கரையாவிட்டால் அது சுண்ணமன்று. எவ்வளவு நேரம் வைத்தாலும் வெளுப்பு மாறாவிட்டால் பற்றீரியா, பச்சை தட்டினால் மிதக்கும் நுண்பாசி. பற்றீரியா என்று தெரிந்தால் பதறி முழு நீரையும் மாற்ற வேண்டியதில்லை. தீனைக் குறைத்து, காற்றைக் கூட்டி, அமோனியாவை அளந்தபடி பொறுத்திருந்தால், பெரும்பாலும் அது தானாக அடங்கிவிடும்.

மின்வெட்டு அடுத்த வில்லங்கம். பம்ப் நின்றவுடன் கழுத்தில் ஏறி நின்ற அழுக்கு நுரை உள்ளே விழுந்துவிடுகிறது. மின்சாரம் திரும்பியதும் நீர்மட்டம் ஒரேயடியாக எகிறிக் கோப்பை நிரம்பி வழிகிறது. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணி நேரம் வெட்டியபோது இதைச் சகித்துக்கொண்டோம், அப்போது மீனை நினைக்க யாருக்கு நேரம்? 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறையில் குரங்கொன்று மின்மாற்றியைத் தொட்டதாகச் சொல்லப்பட்டு நாடே இருண்டபோது, இங்கே எங்கள் கூடத்துத் தரையில் நுரைத்தண்ணீர் ஓடியது.

எண்ணெயும் இதற்கு ஆகாது. தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்த கையைத் தொட்டிக்குள் விட்டால் நுரை படுத்துவிடும், சில மணி நேரத்துக்குக் கருவி சும்மா நீரைக் கடைந்துகொண்டிருக்கும். அதைப் பழுதென்று எண்ணிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.

திருகோணமலைக்காரர் என்பதால் நண்பர் கடல்நீரையே அள்ளி ஊற்றுகிறார், கலங்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு. அள்ளிய நீரிலுள்ள மிதவை உயிர்கள் தொட்டிக்குள் செத்து அழுகினால் எந்த ஸ்கிம்மரும் உடனடியாக ஈடுகொடுக்காது. துணியில் வடித்து, மூடிய பிளாஸ்ரிக் கானில் இருட்டில் இரண்டு வாரமாவது வைத்தபின்பே ஊற்ற வேண்டும். வாடைக்காலத்தில் அதுவும் உதவாது. மகாவலி வந்து விழும் கொட்டியாரக் குடாப் பக்கம் நீர் மண்ணிறமாகிவிடும், நீரின் ஒப்படர்த்தியால் உப்பை அளக்கும் உப்புமானி 1.025 காட்ட வேண்டிய இடத்தில் அதைவிடக் கீழே நிற்கும். புறாத்தீவுப் பக்கம் நீர் தெளிவாக இருக்கிறதென்று அங்கே கானோடு போக நினைப்பவர்கள், அது 2003 முதல் தேசியப் பூங்கா என்பதை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

பழுது பற்றிச் சொல்ல அதிகமில்லை. இம்பெல்லரின் செராமிக் தண்டு முறிந்தது. விற்ற கடை அதைத் தனியாகத் தர மறுத்து முழுப் பம்பையும் வாங்கச் சொன்னது. டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறிய வருடத்துக்குப் பிறகு இந்தப் பொருட்களின் விலையில் எந்தக் கணக்கும் இல்லை. நான் வேறிடத்தில் தேடி ஒன்றைப் பொருத்திக்கொண்டேன். பொருத்திய நாளிலிருந்து குமிழி திரும்பவும் வந்துவிட்டது. இதை எழுதும்போதும் தொட்டியின் பின்சுவர் தெரியவில்லை.

எனவே, மேலே எழுதிய நன்மைகள் எதையும் நான் மறுக்கவில்லை என்றாலும், நண்பருக்கு என் பதில் வாங்க வேண்டாம் என்பதே. அந்தப் பணத்துக்கு இரண்டு மூடிக் கான்களும், பற்றறியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்றும், நல்ல உப்புமானி ஒன்றும் வாங்கலாம். என்னுடையதை விற்பேனா என்றும் கேட்டார். விற்கமாட்டேன்.