ஜிஎஸ்டி தளத்தின் ஐஎம்எஸ்: கிரெடிட் நோட்டைச் சரிபார்ப்பது எப்படி?

சப்ளையர் பதிவேற்றும் பில்களை வாங்குபவர் ஏற்கவோ நிராகரிக்கவோ உதவும் ஐஎம்எஸ் (இன்வாய்ஸ் மேலாண்மை அமைப்பு) 2024 அக்டோபரில் வந்தது. ஆனால் கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்து சப்ளையர் தரும் வரவுக் குறிப்பு) விஷயத்தில் அது 2025 அக்டோபர் வரிக்காலத்திலிருந்துதான் உருப்படியானது. அதற்கு முன் ஏற்பது, நிராகரிப்பது என இரண்டே வழி. இப்போது ஒரு வரிக்காலம் மட்டும் நிலுவையில் வைக்கலாம். ஏற்கும்போது எவ்வளவு ஐடிசி (வாங்கும்போது கட்டிய வரிக்கு எடுக்கும் உள்ளீட்டு வரி வரவு) திருப்ப வேண்டும் என்பதையும் நாமே குறிப்பிடலாம்; மூல பில்லுக்கு ஐடிசியே எடுக்காதவருக்கு இது பெரிய நிம்மதி.

ஆபத்து, சும்மா விடுவதில்தான். எதுவும் செய்யாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு. 10,000 ரூபாய் சரக்கு திரும்பினால் 18 சதவீதத்தில் வரி 1,800. சப்ளையர் கைதவறி 1,00,000 என்று போட்டிருந்தால் உங்கள் ஐடிசியில் 18,000 போய்விடும். நிராகரித்தாலோ, அந்த வரி சப்ளையரின் அடுத்த 3பியில் (வரியைக் கணக்கிட்டுக் கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி படிவம்) கூடும். ஆகவே முதலில் அவரிடம் பேசுங்கள். பிறகு நிராகரித்து, குறிப்புப் பகுதியில் காரணத்தை எழுதுங்கள். 14ஆம் தேதி வரைவு 2பி (உங்களுக்குக் கிடைக்கும் ஐடிசியைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கை) வந்தபின் எதையாவது மாற்றினால், 3பி தாக்கலுக்கு முன் 2பியை மறுகணக்கிட்டே ஆகவேண்டும். பலர் கோட்டைவிடும் இடம் இது.

ஒரு குறை: ஜிஎஸ்டி இல்லாமல் போடும் வணிகக் கிரெடிட் நோட் இங்கே தெரியாது. அதை சப்ளையரின் பேரேட்டோடு தனியாகத்தான் ஒப்பிட வேண்டும்.