எவர்கிளேட்ஸில் ஒரு நாள்: டிராமா, சைக்கிளா, ஏர்போட்டா?

மயாமியிலிருந்து காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்பக்கூடிய இடங்களில் சதுப்புநிலமான எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவுக்கு ஈடு கிடையாது. ஆனால் மாதம் தப்பினால் கொசுக்கடிதான் மிஞ்சும். ஊரிலிருந்து அப்பா அம்மா வருவது பெரும்பாலும் கோடையில். ஆனால் தெற்கு ஃபுளோரிடாவில் மே முதல் நவம்பர் வரை மழைக்காலம். சதுப்பு முழுக்கத் தண்ணீர் பரவுவதால் மீன் சிதறும், மீனைத் தேடும் பறவைகளும் சிதறும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை தண்ணீர் வற்றி, வாய்க்கால்களிலும் முதலை இனமான அலிகேட்டர்கள் தோண்டி ஆழப்படுத்திய பள்ளங்களிலும் மட்டும் நிற்கும். கொக்கு, நாரை, கரண்டிவாயன் எல்லாம் அந்தப் பள்ளங்களைச் சுற்றியே கூடும். பிப்ரவரி, மார்ச்தான் உத்தமம்.

காலை நேரத்தைப் பூங்காவின் வடக்கு நுழைவாயிலான ஷார்க் வேலிக்கு (Shark Valley) ஒதுக்குங்கள். ஷார்க் ஆற்றின் தலைப்பகுதி என்பதால் அந்தப் பெயர். சுறா எதுவும் கிடையாது. மயாமியிலிருந்து 41ஆம் எண் நெடுஞ்சாலையில் மேற்கே ஏறக்குறைய ஒரு மணி நேரம். கேட் 8:30க்குத் திறக்கும். பார்க்கிங் சின்னது, குளிர்கால வார இறுதிகளில் சீக்கிரமே நிரம்பி, வெளியே வண்டிகள் வரிசை கட்டும். காருக்கு 35 டாலர், 7 நாள் செல்லும், கார்டு மட்டும். 2026 ஜனவரி முதல் அமெரிக்காவில் வசிக்காத, 16 வயது நிரம்பியவர்களுக்கு ஆளுக்கு 100 டாலர் கூடுதல் கட்டணம் வந்திருக்கிறது. பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் இதைக் கணக்கில் வைத்தே கிளம்ப வேண்டும்.

உள்ளே 15 மைல் வட்டப்பாதை. சொந்தக் காருக்கு அனுமதியில்லை. டிராம் 2 மணி நேரம் ஓடும். மேலே கூரை, பக்கங்கள் திறப்பு, கூடவே விளக்கிச் சொல்ல ஒரு வழிகாட்டி. பெரியவர்களும் சின்னக் குழந்தைகளும் இருந்தால் யோசிக்காமல் இதை முன்பதிவு செய்யுங்கள். பாதி வழியில் இருக்கும் கண்காணிப்புக் கோபுரத்துக்கு வளைந்து ஏறும் சரிவுப் பாதை உண்டு. முட்டிவலிக்காரர்களும் மெதுவாக ஏறிவிடலாம். மேலிருந்து பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் சாகிராஸ் (sawgrass) செடிதான். பெயரில் புல் இருந்தாலும் அது கோரை வகை. இலையின் ஓரம் ரம்பம் மாதிரி பல் பல்லாக இருக்கும், விரலை ஓட்டினால் அறுத்துவிடும்.

சைக்கிள் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். முழுச் சுற்றுக்கு 2 முதல் 3 மணி நேரம். நிழலே கிடையாது, இடையில் குறுக்கு வழியும் இல்லை. கோபுரம் தாண்டி டயர் பஞ்சரானால் 7 மைல் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் அவசியம். சுற்று முழுக்க முடியாதவர்கள் வாய்க்காலை ஒட்டிப் போகும் நேரான மேற்குப் பாதையில் 2 மைல் போய்த் திரும்பினாலே போதும். அலிகேட்டர்கள் அதிகம் தென்படுவது அங்கேதான். குளிர்ந்த காலையில் உடம்பைச் சூடேற்றத் தார்ச்சாலை ஓரமே வந்து படுத்திருக்கும். 15 அடி தள்ளி நில்லுங்கள். சீறினால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். மஞ்சள் பட்டை போட்ட குட்டிகள் தெரிந்தால் தாய் பக்கத்திலேயே இருக்கும்.

முயலும் ரக்கூனும் தேடாதீர்கள். வளர்ப்புக்கு வந்து காட்டுக்குள் போன பர்மிய மலைப்பாம்புகள் பாலூட்டிகளைத் தின்று தீர்த்துவிட்டன. 2012இல் வெளியான ஆய்வின்படி, மலைப்பாம்பு நெடுநாளாக இருக்கும் தெற்குப் பகுதியில் ரக்கூன்கள் கண்ணில் படுவது 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டது. நெஞ்சைப் பிசையும் கணக்கு அது.

பெரிய விசிறியால் ஓடும் தட்டைப் படகான ஏர்போட் வேகத்துக்கு நல்லது, விலங்கு பார்க்க நல்லதல்ல. காதடைக்கும் இரைச்சலில் பறவைகள் பறந்துவிடும். ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்றால் அதை விடுங்கள்.

மதியம் ஹோம்ஸ்டெட் வழியாகத் தெற்கு நுழைவாயிலுக்குப் போங்கள். காலையில் வாங்கிய அதே சீட்டு செல்லும். அங்கே ராயல் பாம் என்ற இடத்தில் இருக்கும் அன்ஹிங்கா நடைபாதை 0.8 மைல்தான்; சமதளம், சக்கர நாற்காலியும் போகும். காசுக்கு அதிகம் திருப்தி தருவது இதுதான் என்பேன். அன்ஹிங்கா என்ற பறவை நம் வேடந்தாங்கல் பாம்புத்தாராவின் நெருங்கிய உறவு. தண்ணீருக்குள் அலகால் மீனைக் குத்தி, மேலே வந்து தூக்கிப்போட்டு, தலைப்பக்கமாக வாங்கி விழுங்கும். இறகில் தண்ணீர் ஊறிவிடுவதால் பிறகு சிறகை விரித்துக் கிளையில் காயும். கைப்பிடிக்கு இரண்டு மூன்றடியில்கூட உட்கார்ந்திருக்கும். பெரிய லென்ஸ் தேவைப்படாது, போனே போதும்.

இங்கே வண்டியை நிறுத்தும்போது ஒரு வேலை பாக்கி. பிணந்தின்னிக் கருங்கழுகுகள் வைப்பர் ரப்பரையும் கண்ணாடி ஓர ரப்பரையும் பிய்த்துவிடும். அதற்காகவே பூங்கா நிர்வாகம் தார்ப்பாயும் கொக்கிக் கயிறும் அங்கேயே வைத்திருக்கிறது. காரை நன்றாக மூடி, நாலு மூலையிலும் மாட்டிவிட்டு நடக்கப் போங்கள். திரும்பும்போது மடித்து எடுத்த இடத்திலேயே வையுங்கள்.