ஸ்டாண்டர்டு ஹெரால்டு: உள்வேலையும் வயரிங்கும், ஏழெட்டு வருட ஓட்டத்துக்குப் பிறகு

வண்டி 1964 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இரண்டு கதவு, 948 சிசி. உள்பக்கத்தை முழுக்கப் பிரித்து, வயரிங்கைப் புதிதாக இழுத்து, சீட்டு, டோர் பேட், ரூஃப் லைனிங் எல்லாம் மாற்றி ஓட்ட ஆரம்பித்து ஏழெட்டு வருடம் ஆகிறது. வேலை முடிந்த வாரத்தில் எந்தப் பழைய வண்டியும் பளபளவென்றுதான் இருக்கும். அந்தப் படங்கள் நிறையக் கிடைக்கின்றன. சென்னையின் சித்திரை வெயிலையும் ஐப்பசி மழையையும் பல முறை பார்த்த பிறகு எது நின்றது, எது நிற்கவில்லை என்று எழுதியவர்கள்தான் குறைவு. இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்கு அதுதான் தேவைப்படும் என்பதால் எழுதுகிறேன்.

இந்த வண்டி நம் ஊர் வண்டி. இங்கிலாந்தில் 1959இல் வந்த டிரையம்ப் ஹெரால்டை, வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் செய்தார்கள். உருவம் மிச்செலோட்டி என்ற இத்தாலியர் வரைந்தது. அழகைப் பற்றிப் பேசினால் நிறுத்த மாட்டேன், அதனால் வேலைக்கு வருகிறேன். நமக்கு முக்கியமான விஷயம் ஒன்று உண்டு: இதற்குத் தனி சேஸிஸ், அதாவது அடிச்சட்டம். அதன் மேல் பாடியைத் துண்டு துண்டாக போல்ட்டால் இணைத்திருப்பார்கள். கூரை தனி, பின்பாகம் தனி, முன்பக்கம் தனி. பானெட்டோ மட்கார்டு, ஹெட்லைட் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு மொத்தமாக முன்னால் சாயும். இந்த அமைப்பைப் புரிந்துகொண்டால் வயரிங்கில் பாதி புரிந்த மாதிரி.

ஏனென்றால் பழைய வண்டியில் கரண்ட் திரும்பி வரும் வழி பாடிதான். ஒரே உடலாக வெல்டிங் செய்த வண்டியில் எங்கே எர்த் கொடுத்தாலும் ஓரளவு வேலை செய்யும். ஹெரால்டில் பின்விளக்கின் கரண்ட் பேட்டரிக்குத் திரும்ப வேண்டுமானால் விளக்கின் கூட்டிலிருந்து பின்பாகத்துக்கு, அங்கிருந்து போல்ட் வழியாக சேஸிஸுக்கு, பிறகு முன்னால் என்று வரவேண்டும். ஒவ்வொரு போல்ட்டிலும் துரு, பெயிண்ட், ரப்பர் வாஷர். இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் சேர்ந்து மினுக்குவது, பிரேக் அழுத்தினால் சைடு லைட் மங்குவது எல்லாம் இதனால்தான். எனக்கு வேலை செய்து கொடுத்த பெரியவர் முதல் நாளே சொன்னார்: "தம்பி, லைட்டு மங்கலா எரியுதுன்னா பல்பைத் தொடாதே, எர்த்தைப் பாரு."

ஆகவே பாடியை நம்பாமல், முன்னிருந்து பின்வரை தனியாகக் கறுப்பு எர்த் வயர் ஒன்று இழுத்தோம். ஒவ்வொரு விளக்குக்கும் அதிலிருந்து கிளை. வெளியே தெரியாத இந்த ஒரு மாற்றத்துக்குத்தான் முழு மதிப்பெண் கொடுப்பேன். இத்தனை மழைக்குப் பிறகும் பின்விளக்கில் ஒரு கோளாறும் இல்லை. சோதிப்பது எளிது. விளக்கை எரியவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் முனையிலும் மறுமுனையை விளக்கின் உலோகக் கூட்டிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் எங்கோ அடைப்பு இருக்கிறது. வருடத்துக்கு ஒரு முறை இதைச் செய்கிறேன்.

948 சிசி ஹெரால்டுகள் ஃப்யூஸே இல்லாமல்தான் வந்தன. டேஷ்போர்டுக்குள் ஒரு வயர் உரசித் தோல் போனால் பேட்டரியின் முழு பலமும் அந்த வயரில் பாயும். உள்ளே புது ஃபோம், புது ரெக்சின், புது கார்ப்பெட் எல்லாம் போட்டு, அதற்கடியில் ஃப்யூஸ் இல்லாத வயரை விட்டுவைப்பதை என்னால் ஏற்க முடியாது. பழைய தோற்றம் கெடக்கூடாது என்பவர்களின் ஆசை எனக்குப் புரிகிறது, அந்த ஆசை எனக்கும் உண்டு. ஆனாலும் இதில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. டேஷ்போர்டுக்குப் பின்னால், பக்கத்து சீட்டுக்காரரின் முழங்காலுக்கு மேலே, கண்ணில் படாத இடத்தில் பிளேடு ஃப்யூஸ் பெட்டி ஒன்று வைத்தோம். பேட்டரி அருகில் ஒரு மெயின் ஸ்விட்ச்.

ஃப்யூஸ் அளவில் பலருக்கும் தெரியாத ஒரு ஆபத்து உண்டு. அந்தக் கால ஆங்கிலேய வண்டிகளுக்கு மின்சாமான் செய்த லூகாஸ் கம்பெனியின் கண்ணாடி ஃப்யூஸில் 35 ஆம்பியர் என்று போட்டிருந்தால் அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். இன்றைய பிளேடு ஃப்யூஸில் 35 என்றால் 35ஐயும் தொடர்ந்து தாங்கும். பழைய ஃப்யூஸில் பார்த்த எண்ணையே புதிதிலும் வாங்கிப் போட்டால், வயர் உருகிய பிறகும் ஃப்யூஸ் அப்படியே இருக்கும். இரண்டு ஃப்யூஸ் உள்ள அம்பாசடர் போன்ற வண்டிகளை வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள்.

வயர் வாங்கும்போது கலரை விட்டுவிடாதீர்கள். லூகாஸ் முறையில் பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேராக வருவது. வெள்ளை, சாவி போட்டால் கரண்ட் வருவது. பச்சை, அதே சாவி லைன் ஃப்யூஸ் தாண்டிய பிறகு. சிவப்பு சைடு லைட்டுக்கு, நீலம் ஹெட்லைட்டுக்கு (வெள்ளைக் கோடு போட்டால் பிரைட், சிவப்புக் கோடு போட்டால் டிம்), கறுப்பு எர்த். சென்னையின் பாடி பகுதியில் லூகாஸ்-டிவிஎஸ் கம்பெனி 1961இல் தொடங்கியது. இந்தக் கலர் கணக்கு மனப்பாடமாகத் தெரிந்த பழைய எலெக்ட்ரீஷியன்கள் இன்னும் சென்னையில் இருக்கிறார்கள், அவர்கள் இருக்கும்போதே வேலையை முடித்துக்கொள்வது நல்லது. நான் முதலில் ஒரு கடையில் ரெடிமேட் வயரிங் செட் ஆர்டர் கொடுத்தேன். வந்ததில் கலரெல்லாம் சரி, ஆனால் தடிமன் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி. திருப்பிக் கொடுத்துவிட்டு, பழைய ஹார்னஸை (மொத்த வயர்க்கட்டை) தரையில் விரித்து வைத்து அதே நீளத்துக்கு நாங்களே கட்டினோம். சைடு லைட்டுக்கும் மீட்டர் விளக்குக்கும் 1 சதுர மி.மீ., ஹெட்லைட்டுக்கு 2, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவிலிருந்து வரும் மெயின் லைனுக்கு 4.5. மேலே சுற்றியது துணி டேப். பசையுள்ள பிவிசி டேப் நம் வெயிலில் இளகி, கை வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டும். துணி டேப் இன்றும் சுத்தமாக இருக்கிறது.

ஹெட்லைட்டுக்கு ரிலே (சின்னக் கரண்டில் பெரிய கரண்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) வைத்தது அடுத்த நல்ல காரியம். அதற்கு முன் பேட்டரியில் 12.4 வோல்ட் இருந்தபோது பல்பில் 10.6தான் வந்தது. வோல்ட்டேஜ் 10 சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறையும் என்பதால் அந்த இழப்பு சாலையில் நன்றாகவே தெரியும். ரிலே வைத்தபின் பழைய ஸ்விட்ச் வழியாகப் போவது மிகக் குறைந்த கரண்ட். அதன் சூடும் நின்றது, ஸ்விட்சும் அசலானதே இருக்கிறது.

இந்த வண்டி அந்தக் கால ஆங்கிலேய வழக்கப்படி பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். போன் சார்ஜர், எல்இடி பல்பு எதையும் நிம்மதியாக மாட்ட முடியாது. நெகட்டிவுக்கு மாற்றினோம். பேட்டரியைத் திருப்பி, இக்னிஷன் காயிலின் இரண்டு வயரை இடம் மாற்றி, டைனமோவின் எஃப் முனையில் பேட்டரியின் பாசிட்டிவை ஒரு நொடி தொட்டு எடுத்தால் டைனமோவும் புதிய திசைக்குப் பழகிவிடும். இதுவரை ஒரு தொல்லையும் இல்லை. எல்இடியை மீட்டர் விளக்கோடு நிறுத்திக்கொண்டேன். இண்டிகேட்டரில் போட்டால் பழைய ஃப்ளாஷர் மினுக்காது. அது இரண்டு 21 வாட் பல்பு இழுக்கும் கரண்டின் சூட்டில்தான் வேலை செய்கிறது.

சரி, உள்வேலைக்கு வருவோம்.

டேஷ்போர்டு இதில் அழுத்திய நார்ப்பலகை. ஓரமெல்லாம் ஈரத்தில் ஊதி, இதழ் இதழாகப் பிரிந்திருந்தது. புதிதாக மரத்தில் செய்துவிடலாம் என்று பலர் சொன்னார்கள். அசல் பலகை கையில் இருக்கும்போது அதைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. நன்றாகக் காயவைத்து, தின்னர் அதிகம் கலந்த வார்னிஷைப் பின்பக்கத்திலும் ஓரத்திலும் அது குடிக்கிற மட்டும் குடிக்கவிட்டு, பிறகு பின்னால் மெல்லிய அலுமினியத் தகடு கொடுத்து ஸ்க்ரூ போட்டோம். இன்றுவரை ஊதவில்லை. நார்ப்பலகையில் கரண்ட் பாயாது என்பதால் மீட்டருக்கும் விளக்குக்கும் தனித்தனி எர்த் வயர் தேவை. பெட்ரோல் மீட்டர் முள் இஷ்டத்துக்கு ஆடினால் டாங்க்கைக் கழற்றுவதற்கு முன் அந்த எர்த் வயரைப் பாருங்கள்.

வயரிங்கில் கோளாறு வந்தால் உள்ளே ஒட்டியதையெல்லாம் மறுபடி பிரிக்க வேண்டியிருக்கும். அதனால்தான் வயரிங் முழுக்க முடிந்து, ஒரு மாதமாவது ஓட்டிப் பார்த்த பிறகே உள்ளே ஒட்டும் வேலையைத் தொடங்கச் சொல்கிறேன். வெறும் தகரத்தோடு ஓட்டுவது சத்தமாக இருக்கும். பரவாயில்லை.

டோர் பேட்தான் (கதவின் உள்பக்கப் பலகை) எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. கண்ணாடியின் ஓரமாக இறங்கும் மழைத்தண்ணீர் கதவுக்குள் போவது இயல்பு. அடியிலுள்ள ஓட்டைகள் வழியாக வெளியேறிவிடும். நடுவில் தடுப்பாக இருக்க வேண்டிய பாலிதீன் தாள் பெரும்பாலான வண்டிகளில் என்றோ கிழிந்து போயிருக்கும். யாரும் மறுபடி ஒட்டுவதில்லை. ஹார்ட்போர்டு அந்த ஈரத்தைக் குடித்து வளைகிறது. நாங்கள் போட்டது 3 மி.மீ. மரைன் பிளைவுட், விளிம்புகளுக்கு இரண்டு கோட் வார்னிஷ், பின்னால் கனமான பாலிதீன். நிறுத்திப் பிடிக்க பழையபடியே கிளிப். பசை போட்டு ஒட்டிவிட்டால் அசையாது என்று தைத்தவர் சொன்னார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கண்ணாடி ஏற்றும் மெஷினுக்கு கிரீஸ் வைக்கப் பிறகு பல முறை கழற்றியிருக்கிறோம். ஒரு பேடும் கிழியவில்லை, வளையவில்லை.

இதே கணக்கில்தான் வண்டி முழுவதையும் பார்க்கிறேன். பழைய வண்டியில் எந்த வேலையும் கடைசி வேலை இல்லை. திரும்பப் பிரிக்க முடிகிற மாதிரி செய்ததெல்லாம் நின்றிருக்கிறது. நிரந்தரமாக இருக்கட்டும் என்று ஒட்டியதுதான் பெயர்ந்தது. ரூஃப் லைனிங் அதற்குச் சாட்சி. கிளிப்பிலும் கண்ணாடி ரப்பருக்கு அடியிலும் மடித்துச் செருகிய பக்கங்கள் இன்றும் விறைப்பாக இருக்கின்றன. வெறும் ரப்பர் பசையில் நின்ற பின் ஓரம் மூன்றாவது கோடையில் விட்டுத் தொங்கியது. மூடிய காருக்குள், தகரக் கூரைக்கு ஒட்டினாற்போல் இருக்கும் சூட்டை அந்தப் பசை தாங்காது. இப்போது அங்கே மெல்லிய தகரப் பட்டை வைத்து ஸ்க்ரூவில் பிடித்திருக்கிறோம்.

சீட்டுக்கு அடியில் ரப்பர் கலந்த தேங்காய் நார்ப் பலகை, மேலே 40 டென்சிட்டி ஃபோம். முழுக்க ஃபோமாகவே போடலாம் என்பார்கள். உட்கார்ந்ததும் சுகமாக இருக்கும், ஒரு மணி நேரம் ஓட்டினால் முதுகு வேர்த்துக் கொட்டும். நாரில் காற்று போய்வரும். ஃபோமின் உயரத்தையும் கவனியுங்கள். ஓர் அங்குலம் கூடினாலே ஹெரால்டில் தொடை ஸ்டீயரிங்கில் முட்டும். டிரைவர் சீட்டின் வலது ஓரம், ஏறி இறங்கும் இடம், கொஞ்சம் அமுங்கிவிட்டது. மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது. ரெக்சின் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் தேடி வாங்கியது. சீட்டில் இருப்பது மென்மை மாறவில்லை. வெயில் நேராகப் படும் பின் கண்ணாடி ஓரத்தில் மட்டும் விறைத்து, தையலில் வெடிக்கத் தொடங்கியிருக்கிறது. வாங்கும்போதே இரண்டு மீட்டர் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதே கலர் பிறகு கிடைக்கவே கிடைக்காது.

கார்ப்பெட்டுக்கு அடியில் சணல் ஃபெல்ட் வேண்டாம். ஒரு முறை நனைந்தால் வாரக்கணக்கில் ஈரம் பிடித்து வைத்துத் தரையைத் தின்றுவிடும். தண்ணீர் குடிக்காத மூடிய ஃபோம் ஷீட் போதும்.

நிற்காதது இன்னொன்றும் உண்டு: பானெட்டுக்குப் போகும் வயர். பானெட்டைத் திறந்து மூடும்போதெல்லாம் அது மடங்கி நிமிர்கிறது, போதாததற்கு முன்சக்கரம் அடிக்கும் தண்ணீரும் அங்கேதான் தெறிக்கிறது. உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, இடது ஹெட்லைட் ஒரு நாள் விட்டு விட்டு எரிய ஆரம்பித்தது. புல்லட் இணைப்புகளிலும் (வயரின் குண்டு வடிவ முனையைக் குழாயில் செருகும் இணைப்பு) பச்சை பூத்திருந்தது. மற்ற எல்லா இடத்திலும் கிரீஸ் வைத்த புல்லட் இணைப்புகள் நன்றாகவே இருக்கின்றன, அந்த இடத்துக்கு மட்டும் தண்ணீர் புகாத ரப்பர் சீல் உள்ள சாக்கெட்தான் சரி.

டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்னேட்டர் போடவில்லையா என்று பார்ப்பவர்களெல்லாம் கேட்கிறார்கள். இதிலுள்ள சி40-1 மாடல் டைனமோ உச்சத்தில் கொடுப்பது 22 ஆம்பியர். ஹெட்லைட்டுக்கு 10, காயில், வைப்பர், சைடு லைட் எல்லாம் சேர்த்தால் மழை இரவில் 18 வரை போகும். ஓடும்போது சரியாக இருக்கும், சிக்னலில் நின்றால் பேட்டரியிலிருந்துதான் எடுக்கும். தினமும் இரவில் நகரத்துக்குள் ஓட்டுகிறவர் மாற்றிக்கொள்வதில் நியாயம் உண்டு. நான் பெரும்பாலும் காலையில் ஜிஎஸ்டி ரோட்டில் ஓட்டுகிறவன், எனக்கு டைனமோ போதும். பிரஷ் மட்டும் ஒரு முறை மாற்றினேன். பானெட்டுக்கு நுண்ணிய இழைகள் கொண்ட சிலிக்கான் வயரும் சீல் சாக்கெட்டும் வாங்கி வைத்தாயிற்று, ஐப்பசி மழைக்கு முன் மாட்ட வேண்டும்.