‘ரெசிடென்ட் பிளேபுக்’: கத்துக்குட்டி மருத்துவர்களின் முதல் வருடம்

‘ரெசிடென்ட் பிளேபுக்’ என்ற இந்தக் கொரியத் தொடரின் சொந்தத் தலைப்பை அப்படியே தமிழில் சொன்னால் ‘என்றாவது விவேகம் வரப்போகும் பயிற்சி மருத்துவர் வாழ்க்கை’. 2020, 2021-இல் வந்த ‘ஹாஸ்பிட்டல் பிளேலிஸ்ட்’டின் கொரியப் பெயர் ‘விவேகமான மருத்துவர் வாழ்க்கை’. அதன் கிளைத்தொடர் இது. 2025 ஏப்ரல், மே மாதங்களில் 12 அத்தியாயங்களாக வந்தது, நெட்ஃபிளிக்ஸில் இருக்கிறது. யுல்ஜே மருத்துவமனையின் ஜோங்னோ கிளையில், மகப்பேறு மகளிர் நலப் பிரிவில் கதை நடக்கிறது.

கோலாலம்பூரிலிருந்து பார்ப்பவர்கள் முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. கதையின் மையமான நான்கு பயிற்சி மருத்துவர்களும் நம்மூர் ஹவுஸ்மேன், அதாவது படிப்பு முடிந்ததும் பயிற்சிக்கு வரும் புது மருத்துவர், இல்லை. இங்கே ஹவுஸ்மேன்கள் ஒரு பிரிவுக்கு நான்கு மாதம் என ஆறு பிரிவுகளைச் சுற்றி வருவார்கள். கொரியாவில் படிப்பு முடிந்ததும் ஒரு வருடம் இன்டர்ன். பிறகு ஒரே துறையைத் தேர்ந்தெடுத்து, மகப்பேறு என்றால் நான்கு வருடம் அங்கேயே. இன்டர்ன் வருடத்தைத் தாண்டி வந்தவர்கள் இவர்கள். நம் கணக்கில் மாஸ்டர்ஸ் பயிற்சியில் முதல் வருடம் இருக்கும் மெடிக்கல் ஆபீசருக்குச் சமம். இது தெரிந்தால்தான் அவர்களுடைய தடுமாற்றம் உறைக்கும். சுற்றிப் பார்த்துவிட்டுப் போக வந்தவர்கள் இல்லை. இனி இதுதான் அவர்கள் துறை.

நால்வரில் ஓ யி-யோங்தான் நடுநாயகம். கோ யுன்-ஜோங் நடித்திருக்கிறார். ஒருமுறை பயிற்சியை விட்டுப் போனவள், ஐந்து கோடி வோன் கடனை அடைக்கத் திரும்பி வருகிறாள். நம் பணத்தில் சுமார் ஒன்றரை லட்சம் வெள்ளி. சேவை மனப்பான்மை பற்றி ஒரு வசனமும் இல்லாமல் அவளை உள்ளே கொண்டுவந்த விதம் நேர்மையானது. படிப்பில் எப்போதும் முதலிடமான கிம் சா-பிக்கு நோயாளியிடம் பேசத் தெரியாது. பாடப்புத்தகத்தை ஒப்பிப்பதுபோல் விளக்குவாள். ஓம் ஜே-இல் ஒரே ஒரு பாட்டால் பெயர் தெரிந்த முன்னாள் பாடகன். ஆர்வம் நிறைய, கைத்திறன் குறைவு. பியோ நாம்-கியோங் உடை, அலங்காரத்தில் கவனமுள்ளவள். பணிச்சுமையில் அதெல்லாம் கரைந்து போகிறது.

தொடரின் பலம் பெரிய அறுவை சிகிச்சைகளில் இல்லை. டிரஸ்ஸிங் மாற்றுவது, சம்மதக் கையொப்பம் வாங்குவது, அறுவை அறையில் வெட்டிய இடத்தை விரித்து வைக்கும் ரிட்ராக்டர் கருவியைப் பிடித்து நிற்பது, நள்ளிரவில் மூத்தவரை எழுப்பலாமா வேண்டாமா என்று தவிப்பது: முதல் வருடத்தின் வேலை இதுதான், தவறுகள் முளைக்கும் இடமும் இதுதான். பிரசவ அறைக் காட்சிகளைப் பின்தொடர இரண்டு கணக்கு போதும். குழந்தையின் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருக்க வேண்டும். விழுந்து மேலே ஏறாவிட்டால் அறையே ஓடத் தொடங்கும். சுகப்பிரசவத்துக்குப் பின் 500 மில்லி லிட்டருக்கு மேலும், சிசேரியனில் ஒரு லிட்டருக்கு மேலும் இரத்தம் போனால் ஆபத்து. பெரும்பாலும் கருப்பை சுருங்காததே காரணம்; அதனால்தான் முதலில் வயிற்றை அழுத்தித் தேய்த்து, கருப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின் மருந்தை ஏற்றுவார்கள்.

காதல் கதையை சப்டைட்டிலை மட்டும் நம்பிப் பார்த்தால் பாதி போய்விடும். யி-யோங் விரும்புவது நான்காம் வருட மூத்த மருத்துவர் கு தோ-வோனை. அவர் அவளுடைய அக்கா கணவரின் தம்பி. இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். கொரிய மொழியில் இந்த உறவு ‘சாதோன்’, நம் ‘சம்பந்தி’ மாதிரி. ஆங்கிலத்தில் அதற்குச் சரியான சொல்லே இல்லை. அக்கா வாக்கப்பட்ட வீட்டிலேயே தங்கையையும் கொடுப்பது நமக்குப் புதிதில்லை. கொரியாவில் ஒரே குடும்பத்தோடு இரண்டாம் முறை சம்பந்தம் வைப்பதைத் தயக்கத்தோடுதான் பார்ப்பார்கள். அந்தத் தயக்கம் புரிந்தால் தோ-வோன் ஏன் அத்தனை முறை பின்வாங்குகிறார் என்பது புரியும். தோ-வோனாக நடித்த ஜோங் ஜுன்-வோன் குரலை உயர்த்தாமலே அதைக் கொண்டுவந்திருக்கிறார்.

குறையும் உண்டு, சின்னதில்லை. 2024-இல் வந்திருக்க வேண்டிய தொடர் இது. மருத்துவக் கல்லூரி இடங்களை 2,000 கூட்டும் அரசு முடிவை எதிர்த்து அந்தப் பிப்ரவரியில் பயிற்சி மருத்துவர்கள் கூட்டமாக ராஜினாமா செய்ததால் தள்ளிப்போனது. திரையில் அதன் சுவடே இல்லை. பிள்ளையை மருத்துவம் படிக்க வைக்க நினைக்கும் பெற்றோர் இதை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். கண்டிப்பான பேராசிரியை சோ ஜோங்-மின் கூடக் கடைசியில் கனிந்துவிடுகிறார். வேலையை அடுத்தவர் தலையில் கட்டும் ம்யோங் உன்-வோன்தான் எந்த வார்டிலும் பார்க்கக்கூடிய ஆள்.

முதல் இரண்டு அத்தியாயம் பெயர்களைப் பழகவே போய்விடும். மூன்றாவது வரை பொறுங்கள். பழைய தொடரைப் பார்க்காமலும் இது புரியும், ஆனால் அதில் பயிற்சி மருத்துவராக இருந்த சு மின்-ஹா இங்கே வரும்போது கிடைக்கும் மகிழ்ச்சி பார்த்தவர்களுக்கே. கொரியாவில் சனி, ஞாயிறு என வாரம் இரண்டாக ஒளிபரப்பினார்கள். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுவதால் அதே கணக்கில் பார்ப்பது சுகம். வீட்டில் நிறைமாதக்காரர் இருந்தால், குழந்தை பிறந்த பிறகு சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம்.